இடப்பக்க சிக்னல் போட்டால் வலப்பக்க விளக்கு எரிவதேன்?

கார் ஒன்றை நீங்களே வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் பொருத்தியாயிற்று. சக்கரங்கள் மாட்டியாயிற்று. விளக்குகளுக்கான வயர்களை எல்லாம் இணைத்து பேட்டரியையும் வைத்துவிட்டீர்கள். இடப்பக்க சிக்னலைத் தட்டுகிறீர்கள். காருக்குப் பின்னால் நிற்கும் நண்பர் சொல்கிறார்: “இடப்பக்க சிக்னல் மங்கலாகத்தான் எரிகிறது. ஆனால் வலப்பக்க பிரேக் விளக்கு ஏன் விட்டுவிட்டு மினுக்குகிறது?”

பிரேக்கை நீங்கள் தொடவே இல்லை. வலப்பக்கத்துக்கும் இடப்பக்க சிக்னலுக்கும் எந்த உறவும் இல்லை. எந்த வயரைத் தேடுவீர்கள்?

பெரும்பாலோர் இடப்பக்க சிக்னலுக்குப் போகும் வயரைப் பார்ப்பார்கள். அடுத்து வலப்பக்க பிரேக் விளக்குக்குப் போகும் வயரைப் பார்ப்பார்கள். இரண்டிலும் ஒரு குறையும் இருக்காது. அரை நாள் கழிந்த பிறகு, வரைபடமே தவறு என்ற முடிவுக்கு வருவார்கள். உண்மையில் பழுது அவர்கள் தொட்டே பார்க்காத ஒரு கறுப்பு வயரில் இருக்கிறது. அது எப்படி என்று கண்டுபிடிக்கப் பள்ளியில் படித்த மின்சாரப் பாடமே போதும்.

பெட்டியில் வரும் கார்

இப்படிக் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவதை ‘கிட் கார்’ என்பார்கள். இந்தப் பழக்கம் வேரூன்றிய நாடு பிரிட்டன். 1957ல் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற சிறிய விளையாட்டுக் காரை அறிமுகப்படுத்தியது. முழுமையாகப் பூட்டிய காருக்கு அன்று கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. எனவே பலர் பெட்டிகளை வாங்கி வந்து, வார இறுதிகளில் தாங்களே காரைப் பூட்டினார்கள். பூட்டும் முறையை விளக்கும் ஏடு தந்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால், காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, ‘இதைத் தலைகீழாகப் படியுங்கள்’ என்று நிறுவனம் சொன்னதாக ஒரு கதையும் கிட் கார் பிரியர்களிடம் இன்றுவரை உலவுகிறது.

1973ல் பிரிட்டனில் கொள்முதல் வரி போய், மதிப்புக்கூட்டு வரி வந்தது. அந்த வரிச்சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவன் காரைத் தயாரிக்கும் உரிமை லோட்டஸிடமிருந்து கேட்டர்ஹம் நிறுவனத்துக்குக் கைமாறியது. பணம் மிச்சமாகாவிட்டாலும் ஆர்வம் குறையவில்லை. 1996ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டுச் செலவில் விளையாட்டுக் கார் ஒன்றைச் சொந்தமாகச் செய்யலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரின் இயந்திரத்தையும் அச்சையும் எடுத்துக்கொண்டு, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து அடிச்சட்டம் செய்யும் முறை அது. அதைப் பின்பற்றிப் பல நாடுகளில் ஆர்வலர்கள் கார் செய்தார்கள்.

வீட்டில் செய்த கார் சாலைக்கு வர வேண்டுமானால், பிரிட்டனில் தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். 2009 முதல் நடப்பில் உள்ள இச்சோதனையில் விளக்குகள் இருக்கும் இடம், எரியும் விதம், வயர்கள் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்பதெல்லாம் பார்க்கப்படும். சிக்னல் விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மினுக்க வேண்டும். பிரேக் மிதிக்காமல் பிரேக் விளக்கு மினுக்கும் காரை எந்தச் சோதனையாளரும் சாலைக்கு அனுப்பமாட்டார். அனுப்பவும் கூடாது. பின்னால் வருபவர் அந்த விளக்கை நம்பித்தான் வேகத்தைக் குறைக்கிறார்.

கம்பிகளின் மரம்

காரில் இருக்கும் வயர்களை ஒன்றாகச் சேர்த்து, நாடா சுற்றிக் கட்டிய தொகுப்பை ‘வயரிங் ஹார்னஸ்’ என்பார்கள். அதைத் தரையில் விரித்தால் ஒரு மரம் படுத்திருப்பது போலத் தெரியும். ஃபியூஸ் பெட்டிக்கு அருகில் பருத்த அடிமரம். முகப்பு விளக்கு, பின்விளக்கு, அளவிகள், இயந்திரம் என்று பிரியும் கிளைகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஓர் இணைப்பான்.

எந்த வயர் எதற்கு என்பதை நிறம் சொல்லும். பிரிட்டிஷ் தர முறையில் பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வருவது. சாவி போடாவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது. பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு வருவது. நீலம் முகப்பு விளக்குக்கு, சிவப்பு பின்புறச் சிறு விளக்குக்கு. பச்சையில் சிவப்புக் கோடு இருந்தால் இடப்பக்க சிக்னல், வெள்ளைக் கோடு இருந்தால் வலப்பக்க சிக்னல், ஊதாக் கோடு இருந்தால் பிரேக் விளக்கு. கறுப்பு, எர்த்.

இந்த நிறங்களை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கலாம். ஆனால் கிட் காரில் ஓர் ஆபத்து உண்டு. இயந்திரம் ஒரு காரிலிருந்தும், அளவிகள் இன்னொரு காரிலிருந்தும் வரும். ஜெர்மானிய முறையில் பழுப்பு நிறம்தான் எர்த். பிரிட்டிஷ் ஹார்னஸில் எப்போதும் உயிரோடிருக்கும் அதே பழுப்பு! ஜெர்மானியக் காரிலிருந்து எடுத்த சுவிட்ச் ஒன்றின் பழுப்பு வயரை, நிறத்தை மட்டும் நம்பிப் பிரிட்டிஷ் ஹார்னஸின் பழுப்பு வயரோடு சேர்த்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நிறத்தை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை அளந்து பார்த்துச் செய்யுங்கள்.

போன மின்சாரம் திரும்பி வர வேண்டும்

இனி நம் புதிருக்கு வருவோம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் விளக்கின் வழியாகச் சென்று, எதிர்முனைக்குத் திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வயர் இழுத்தால் செலவு கூடும். ஆகவே கார் செய்பவர்கள் ஒரு குறுக்குவழியைக் கண்டார்கள். பேட்டரியின் எதிர்முனையைக் காரின் இரும்பு உடலோடு இணைத்துவிட்டால், திரும்பும் வழியாக அந்த உடலே உதவும். விளக்கை இரும்பில் திருகினாலே பாதி இணைப்பு முடிந்துவிடும். இப்படி உடலோடு சேர்க்கும் இணைப்பைத்தான் எர்த் என்கிறோம். இங்கே மண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கார் ரப்பர் டயரில்தானே நிற்கிறது!

சாலையில் ஓடும் சாதாரணக் காரில் இது நன்றாகவே நடக்கிறது. கிட் காரில்தான் சிக்கல். அதன் மூக்கும் சக்கர மறைப்புகளும் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. கண்ணாடியிழையில் மின்சாரம் பாயாது. இரும்பு அடிச்சட்டமோ துருப்பிடிக்காமல் இருக்கப் பொடிப்பூச்சு பூசிச் சூளையில் சுட்டெடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பூச்சு பிளாஸ்டிக் போன்றது. அதுவும் மின்சாரத்தைத் தடுக்கும். பளபளவென்று இருக்கும் புதுச் சட்டத்தைச் சுரண்ட மனம் வராமல், பூச்சின் மேலேயே எர்த் வயரைத் திருகி இறுக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு இணைப்பு உறுதியாகத் தெரிகிறது. மின்சாரத்துக்கு அது மூடிய கதவு.

இப்போது இடப்பக்கப் பின்விளக்கைப் பாருங்கள். அதற்குள் சிக்னலுக்கு 21 வாட் பல்பு, பிரேக்குக்கு 21 வாட் இழை, இரவு விளக்குக்கு 5 வாட் இழை. மூன்றின் மறுமுனைகளும் ஒரே எர்த் ஆணியில் சேருகின்றன. அங்கிருந்து ஒரே கறுப்பு வயர் அடிச்சட்டத்துக்குப் போகிறது. அந்த இணைப்பு பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் இடப்பக்க சிக்னலைப் போடுகிறீர்கள். மின்னோட்டம் சிக்னல் பல்பைக் கடந்து எர்த் ஆணிக்கு வருகிறது. கதவு மூடியிருக்கிறது. ஆனால் அதே ஆணியில் பிரேக் இழையும் கட்டப்பட்டிருக்கிறதே! மின்னோட்டம் அதன் வழியாகப் பின்னோக்கி ஏறுகிறது. பிரேக் வயருக்குள் நுழைகிறது. அந்த வயர் வலப்பக்க பிரேக் விளக்குக்கும் போகிறது. அந்தப் பக்கத்து எர்த் நன்றாக இருக்கிறது. ஆக, மின்னோட்டம் வலப்பக்க பிரேக் விளக்கை எரித்துக்கொண்டே சட்டத்தில் இறங்கிப் பேட்டரிக்குத் திரும்புகிறது.

மூன்று 21 வாட் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. மூன்றும் ஒரே அளவு என்பதால் 12 வோல்ட்டைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆளுக்கு 4 வோல்ட். எனவேதான் எல்லாம் மங்கல். இரவு விளக்கின் 5 வாட் இழை வழியாகவும் கொஞ்சம் மின்னோட்டம் இப்படியே பின்னோக்கிப் போகும். சில கார்களில் சிக்னல் போட்டதும் இரவு விளக்குகள் எல்லாம் லேசாகத் துடிப்பது இதனால்தான்.

மின்சாரம் இதில் ஒரு தவறும் செய்யவில்லை. திரும்பும் வழி அடைபட்டதால் கிடைத்த வழியில் திரும்பியிருக்கிறது. தொடர்பில்லாத இரண்டு விளக்குகள் சேர்ந்து எரிந்தால், அல்லது ஒன்றைப் போட்டால் இன்னொன்று மங்கினால், முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். பூச்சைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பு தெரியும்படி செய்து, பல் வைத்த வாஷருடன் இறுக்கி, அதன்பின் துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவுங்கள். கண்ணாடியிழையில் பொருத்தும் விளக்குக்குக் கட்டாயம் தனி எர்த் வயர் இழுங்கள்.

12 வோல்ட் காட்டும், விளக்கு எரியாது

மல்டிமீட்டர் இன்று பல வீடுகளில் இருக்கிறது. எரியாத விளக்கின் இணைப்பானைக் கழற்றி மீட்டரை வைக்கிறீர்கள். 12 வோல்ட் காட்டுகிறது. ‘மின்சாரம் வருகிறது, ஆகவே பல்புதான் கெட்டுவிட்டது’ என்று புதுப் பல்பை மாட்டுகிறீர்கள். அதுவும் எரியவில்லை. மீட்டர் பொய் சொன்னதா?

மீட்டர் சொன்னது உண்மை. நாம் கேட்ட கேள்விதான் போதவில்லை. இலக்க மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மில்லியன் ஓம். அது தன் வழியாக மின்னோட்டத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. இணைப்பு ஒன்றில் பச்சைக் களிம்பு பிடித்து 1,000 ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று கொள்ளுங்கள். மீட்டரின் தடையோடு ஒப்பிட்டால் அது தூசு. அதில் ஏற்படும் இழப்பு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மீட்டர் 12 என்றே காட்டும்.

ஆனால் 21 வாட் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 7 ஓம்தான். 1,000 ஓமும் 7 ஓமும் 12 வோல்ட்டைப் பங்கிட்டால் பல்புக்குக் கிடைப்பது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. மீதி எல்லாவற்றையும் அந்தக் களிம்பே விழுங்கிவிடும். மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றுக்கும் உள்ள இந்த உறவை ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஓம் 1827ல் வெளியிட்டார். தொடக்கத்தில் அவர் சொந்த நாட்டிலேயே பெரிதாக வரவேற்பு இல்லை. 1841ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது. இன்று காரில் பழுது தேடும் ஒவ்வொருவரும் அவர் விதியைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இணைப்பானைக் கழற்றி அளக்காதீர்கள். விளக்கு இணைந்தபடியே, சுவிட்ச் போட்டபடியே அளந்து பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை விளக்கின் எர்த் ஆணியிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வழியின் இரு முனைகள். இடையில் மின்னழுத்தம் ஏறக்குறைய இருக்கக்கூடாது. 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் அவ்வளவும் திரும்பும் வழியில் வீணாகிறது. நம் புதிரில் அந்த ஆணியை அளந்திருந்தால் சிக்னல் மின்னும்போதெல்லாம் 8 வோல்ட்டை ஒட்டிக் காட்டியிருக்கும். எர்த் என்று பெயர் வைத்த இடத்தில் 8 வோல்ட்! பழுது அப்போதே பிடிபட்டிருக்கும்.

போகும் வழியையும் இதே போல அளக்கலாம். ஒரு முனை பேட்டரியின் நேர்முனையில், மறுமுனை விளக்குக்கு மின்சாரம் நுழையும் இடத்தில். இந்தச் சோதனைக்கு ‘மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை’ என்று பெயர். சிறு வீழ்ச்சியையும் அலட்சியம் செய்யாதீர்கள். இழை பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். மழை இரவில் முகப்பு விளக்குக்கு அது பெரிய இழப்பு.

பேட்டரியை மாட்டும் முன்

புதிதாகக் கட்டிய ஹார்னஸில் முதன்முறை பேட்டரியை இணைக்கும் நொடிதான் மிக ஆபத்தான நொடி. ஏதோ ஒரு வயர் உரசித் தோலுரிந்து சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் கொட்டும். அதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு.

எல்லா ஃபியூஸ்களையும் கழற்றிவிடுங்கள். 21 வாட் சிக்னல் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் வைத்து, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பல்பைச் செருகுங்கள். அந்தச் சுற்றில் நேரடிக் குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும். எத்தனை பெரிய பழுதாக இருந்தாலும் பல்பு சுமார் 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. வயர் சூடாகாது, ஃபியூஸும் வீணாகாது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சுற்றின் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்தக் கிளையைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, பழுது அந்தக் கிளையில். ஃபியூஸ் மேல் ஃபியூஸாக மாற்றி ஊதிக்கொண்டிருக்கும் தொல்லை இதில் இல்லை.

இன்னொரு பாடம்: பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். காரணம் இதுதான். எதிர்முனையும் காரின் உடலும் ஒன்றே. அங்கே ஸ்பேனர் நழுவி உடலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. எதிர்முனை இணைந்திருக்கும்போது நேர்முனையில் ஸ்பேனரை வைத்து, அது உடலைத் தொட்டால் ஸ்பேனரே குறுக்கிணைப்பாகிவிடும். பொறி பறக்கும், கை சுடும்.

பாதி பாதியாகத் தேடுங்கள்

சிக்னல் எதுவுமே எரியவில்லை. பேட்டரியிலிருந்து விளக்கு வரை பிரதான ஃபியூஸ், சாவி சுவிட்ச், சிக்னல் ஃபியூஸ், ஃபிளாஷர், கைப்பிடி சுவிட்ச், பின்பக்க இணைப்பான், பல்புக்குழி என்று பல நிறுத்தங்கள். பலர் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நடுவிலிருந்து தொடங்குவதே சிக்கனம்.

ஃபிளாஷரில் சோதனை விளக்கை வையுங்கள். அங்கே மின்சாரம் இருந்தால் அதற்கு முந்திய பாதி முழுவதும் நன்று. பழுது பிந்திய பாதியில். இல்லையென்றால் முந்திய பாதியில். அடுத்து, பழுதுள்ள பாதியின் நடுவே பாருங்கள். 8 இடங்களில் ஒன்றில் உள்ள பழுதை 3 சோதனையில் பிடித்துவிடலாம். 16 இடம் என்றால் 4 சோதனை. 32 என்றால் 5. பழுது எங்கே இருக்கும் என்று ஊகித்து அங்குமிங்கும் தாவுவதைவிட இது பெரும்பாலும் வேகமானது. இங்கே மீட்டரைவிடச் சோதனை விளக்கு நல்லது. அது கொஞ்சம் மின்னோட்டத்தை இழுப்பதால், களிம்பு பிடித்த இணைப்பிடம் ஏமாறாது.

வந்து வந்து போகும் பழுதுக்கு வேறு வழி. சோதனை விளக்கை மாட்டிவைத்து, ஹார்னஸை ஒரு முனையிலிருந்து மெதுவாக அசைத்துக்கொண்டே வாருங்கள். இரும்புத் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் நுழையும் இடம், கதவு அல்லது ஸ்டீயரிங் அருகே வளையும் இடம், இணைப்பானுக்குள் பின் ஒன்று சரியாக ‘க்ளிக்’ ஆகாத இடம் ஆகியவற்றில்தான் விளக்கு கண் சிமிட்டும். முனைகளைக் கருவியால் அழுத்தி நசுக்கிய ஒவ்வோர் இணைப்பையும் கையால் இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால், சாலையில் வருவதைவிடக் கொட்டகையில் வந்தது நல்லது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் உறுதி என்று சிலர் நினைப்பதுண்டு. ஈயம் ஊறிய பகுதி விறைத்துவிடும். அது முடியும் விளிம்பில் அதிர்வு தாங்காமல் செம்பு இழைகள் முறியும். பற்றவைத்தே தீரவேண்டும் என்றால் அந்த இடம் அசையாதபடி தாங்கல் கொடுங்கள்.

ஃபியூஸ் காப்பது யாரை?

ஃபியூஸ் விளக்கைக் காப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. ஆகையால் ஃபியூஸின் அளவை வயரின் பருமன்தான் முடிவு செய்ய வேண்டும்.

10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஒருவர் சிவப்பு நிற ஃபியூஸை எடுத்துவிட்டுப் பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகுகிறார். இனி ஃபியூஸ் போவதில்லை. சிக்கல் தீர்ந்தது போலத் தெரிகிறது. வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 3 மடங்கு மின்னோட்டம் ஓடினால் 9 மடங்கு வெப்பம். மெல்லிய வயரின் பிளாஸ்டிக் உறை இளகும். அதை ஒட்டிக் கட்டியிருக்கும் பக்கத்து வயர்களின் உறையும் இளகும். அவை ஒன்றையொன்று தொடும். ஹார்னஸ் என்பது நாடா சுற்றி இறுக்கிய கட்டு. வெப்பம் வெளியேற வழியில்லை. ஃபியூஸ் போக வேண்டிய இடத்தில் கார் எரியும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. ஏன் போகிறது என்று முன்பு சொன்ன பல்புச் சோதனையால் தேடுங்கள். பேட்டரிக்கும் முதல் ஃபியூஸுக்கும் இடையே உள்ள வயருக்குக் காவல் எதுவும் இல்லை என்பதால் அந்தத் துண்டை முடிந்தவரை குட்டையாக வையுங்கள்.

ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறதா?

கிட் காரில் இன்னொரு விசித்திரம் நடக்கும். ஸ்டார்ட்டரைத் தட்டினால் இயந்திரம் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். ஆக்சிலரேட்டர் கேபிள் தொட முடியாதபடி சுடும். சில சமயம் புகையும் வரும். ஆக்சிலரேட்டருக்கும் ஸ்டார்ட்டருக்கும் என்ன தொடர்பு?

இயந்திரம் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. இயந்திரத்தைச் சட்டத்தோடு இணைக்கத் தடித்த பின்னல் கம்பி ஒன்று உண்டு. பழைய காரிலிருந்து இயந்திரத்தை எடுத்து மாற்றும்போது அது எங்கோ விடுபட்டுப்போகும். ஸ்டார்ட்டருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த மின்னோட்டம் திரும்ப வேறு வழி இல்லாமல், இயந்திரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் ஒரே உலோகமான கேபிளின் வழியாகத் திரும்புகிறது. சிக்னல் புதிரில் பார்த்த அதே கதைதான்; இங்கே மின்னோட்டம் பெரியது என்பதால் மினுக்கலுக்குப் பதில் சூடு. ஒரு தடித்த எர்த் கம்பியைப் போட்டதும் ஸ்டார்ட்டரும் துள்ளி எழும், கேபிளும் குளிர்ந்துவிடும்.

எல்.இ.டி. தரும் புதுக் குழப்பம்

இப்போது பலர் இழை பல்புகளுக்குப் பதில் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துகிறார்கள். எர்த், ஃபியூஸ் எல்லாம் சரியாக இருந்தும் சில புதிர்கள் முளைக்கும்.

சிக்னல் படபடவென்று வேகமாக மினுக்கும், அல்லது மினுக்காமலே நிற்கும். பழைய ஃபிளாஷர்கள் பல்புகள் இழுக்கும் மின்னோட்டத்தை நம்பி வேலை செய்பவை. பல்பு ஒன்று போய்விட்டால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சில வகைகள் வேகமாக மினுக்கும்படி அமைக்கப்பட்டன. எல்.இ.டி. மிகக் குறைவாக இழுப்பதால் பல்பே இல்லை என்று அவை எண்ணிக்கொள்கின்றன. எல்.இ.டி.க்கு ஏற்ற மின்னணு ஃபிளாஷரை மாற்றினால் தீரும்.

இடப்பக்கம் போட்டால் நான்கு சிக்னல்களும் சேர்ந்து மினுக்குவது இன்னொன்று. முகப்புப் பலகையில் இரு பக்கத்துக்கும் ஒரே அம்பு விளக்கு இருந்தால், அதன் ஒரு முனை இட வயரிலும் மறுமுனை வல வயரிலும் இருக்கும். இடப்பக்கம் போட்டால் அம்பு விளக்கைக் கடந்து வலப்பக்கப் பல்புகள் வழியே மின்னோட்டம் எர்த்துக்குப் போகும். அந்தச் சிறு மின்னோட்டத்தில் இழை பல்பு எரியாது, எல்.இ.டி.யோ தாராளமாக எரியும். தனித்தனி அம்பு விளக்கு வைத்து, இரண்டையும் நேரே எர்த்தில் இணைக்க வேண்டும்.

மூன்றாவது, பேட்டரி சின்னம் காட்டும் சிவப்பு விளக்கு. பழைய வகை ஆல்டர்னேட்டர் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்க, அந்தப் பல்பின் வழியாக வரும் சிறு மின்னோட்டம் தேவை. அதை எல்.இ.டி.யாக மாற்றினால் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கலாம். எல்.இ.டி.க்கு இணையாக ஏற்ற மின்தடை ஒன்றைச் சேர்த்தால் எழுந்துகொள்ளும். இயந்திரம் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் அது மின்னூட்டம் செய்கிறது என்று பொருள். 12.6க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் இல்லை.

உங்கள் காருக்கும் இதே விதிகள்

கிட் கார் பூட்டும் எண்ணம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் டேஷ்கேம், கூடுதல் மூடுபனி விளக்கு, ஒலிபெருக்கி என்று ஏதோ ஒன்றைக் காரில் சேர்க்காதவர்கள் குறைவு. ஒரு வயரின் தோலை உரித்து, இன்னொன்றைச் சுற்றி, நாடா ஒட்டிவிட்டால் நீங்களும் ஒரு ஹார்னஸில் கை வைத்தவர்தான். நம் நாட்டின் வெக்கையில் நாடாவின் பசை இளகி அவிழும். ஈரக்காற்றில் செம்பு களிம்பேறும்.

அடுத்த முறை துணைக்கருவி ஒன்றை மாட்டக் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதற்குத் தனி ஃபியூஸ் உண்டா, அது வயரின் பருமனுக்கு ஏற்றதா? எர்த் வயரை எங்கே திருகினீர்கள், பெயின்டைச் சுரண்டினீர்களா? வயர் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் உண்டா? பதில் சொல்லத் தயங்கும் கையில் காரைக் கொடுக்க வேண்டாம்.

நீங்களே தேடுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. மஞ்சள் நிற உறையோ இணைப்பானோ கொண்ட வயர்கள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றில் மீட்டரையோ சோதனை விளக்கையோ வைக்கவே கூடாது. பை வெடித்து விரியக்கூடும். இயந்திரக் கணினியின் வயர்களிலும் சோதனை விளக்கைத் தவிர்த்து மீட்டரை மட்டும் பயன்படுத்துங்கள்.

மற்ற இடங்களில் ஒரு மல்டிமீட்டர், ஒரு 21 வாட் பல்பு, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும். முதலில் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.